தேங்காய்ப் புரையிலிருந்து வந்த கார்

என் வீட்டுக்காரர் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப்போகிற நேரம். அந்த முப்பது வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நாலைந்து வருஷம் தேறினால் அதிகம். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. வருவார், பெட்டி பிரிப்போம், சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவோம், குற்றாலத்தில் குளிப்போம், அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். இப்படி வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதற்கு எங்கள் பக்கத்தில் சபூர் என்று பேர். தென்காசியில் எங்கள் தெருவில் சபூர் போகாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. வீடு கட்டினேன், போர் போட்டேன், மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் அவர் போனில் சரி சொன்னார்.

அவர் வந்து இறங்கிய பிறகுதான் சிரமம் தெரிந்தது.

அங்கே அவருக்குக் கார் உதிரிபாகங்கள் விற்கிற கடையில் ஸ்டோர்கீப்பர் வேலை. எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாராம். அந்தப் பழக்கத்தில் வந்த சில நாளிலேயே என் அடுப்படியில் கைவைத்தார். டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டிப் பேர் எழுதினார். நான் தாளிக்கிற அவசரத்தில் கடுகு இருந்த இடத்தில் கையை விட்டால் சீயக்காய்த் தூள் வந்தது.

"இது கடையில்ல, வீடு" என்றேன்.

அவர் அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தார். அதன் பிறகு வீட்டில் எந்தச் சாமானையும் தொடவில்லை. காலையில் பேப்பர், பள்ளிவாசல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடியும் பள்ளிவாசல். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சண்டை என்று ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் மரியாதையாக வந்து தங்கியிருப்பது போல இருந்தது.

வீடு கட்டும்போது அவர் போனில் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேற்குப் பக்கம் கார் நிற்கிற மாதிரி இடம் விடச் சொன்னார். நானும் தகரக் கூரை போட்டு ஒரு ஷெட் கட்டினேன். கார் வரவில்லை. காலி இடத்தை வீணாக்குவானேன் என்று அதில் இரண்டு தையல் மிஷின் போட்டு, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக அது என் இடம்.

அவர் ஊருக்கு வந்த வருஷம் வடகரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. சாப்பாடு முடிந்து கைகழுவத் தோப்புப் பக்கம் போனாராம். அங்கே தேங்காய் போட்டுவைக்கிற புரைக்குள் ஒரு பழைய அம்பாசிடர் நின்றதாம். அந்தத் தோப்புக்காரப் பெரியவர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. அவர் காலமான பிறகு யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் போலீசில் சேர்ந்து சென்னைப் பக்கம் போய்விட்டார்கள்.

"பேரீச்சம்பழத்துக்குப் போடுத விலைக்குக் குடுக்கோம்னு அந்த வீட்டாளுக சொல்லுதாங்க" என்றார்.

"அப்ப பேரீச்சம்பழமே வாங்கியிருக்கலாமே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாம் சரியா இருக்கு. ஆர்.சி. புக்கும் இருக்கு. நான் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். ஊருக்கு வந்த பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அடுத்த வாரம் ஒரு டிராக்டர் அதை இழுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது. நாலு டயரிலும் காற்று இல்லை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பெயிண்ட் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. பின்சீட்டில் கூரை முட்டத் தேங்காய் மட்டை. டிக்கியைத் திறந்தால் சிரட்டையாகக் கொட்டியது. தெருவே வேடிக்கை பார்த்தது. என் இரண்டு மிஷினையும் ஷெட்டின் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு அதை உள்ளே ஏற்றினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு முழுக்க நான் ஷெட் பக்கம் போகவில்லை. மட்டையையும் சிரட்டையையும் மட்டும் மறுநாள் எடுத்து அடுப்புக்கு அடுக்கிக்கொண்டேன். இரண்டு மாசத்துக்கு வெந்நீருக்கு ஆயிற்று.

அவருக்குக் காரில் உள்ள ஒவ்வொரு சாமானும் பேர் சொன்னால் தெரியும். எந்தக் கம்பெனி செய்தது, எந்த அளவு, எதற்கு பதில் எதைப் போடலாம், எல்லாம் தெரியும். ஆனால் ஒன்றைக்கூட அவர் கையால் கழற்றியதில்லை, மாட்டியதில்லை. டப்பாவில் வந்ததை டப்பாவோடு விற்றவர். முதல் நாள் ஒரு போல்ட்டைக் கழற்ற உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அதோடு மல்லுக்கட்டினார். ஸ்பானரை எதிர்ப்பக்கமாகத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

அவருக்கு ஊரில் யாரையும் தெரியாது. வெல்டிங் பட்டறை எங்கே, ரேடியேட்டர் அடைக்கிறவர் யார், எவரிடம் கொடுத்தால் சொன்ன நேரத்துக்குத் தருவார், ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லோரையும் தெரியும். வீட்டுக்கு இரும்புக் கேட் செய்த வெல்டர் இருந்தார். போர் மோட்டாருக்குக் காயில் கட்டியவர் இருந்தார். செங்கோட்டை ரோட்டில் லாரி வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சி இருந்தார்; அவருடைய மகள் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் நான்தான் ஜாக்கெட் தைத்தேன். இரண்டு நாள் கோபமாக இருந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கடையாக விசாரித்து அலைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாவது நாள் அண்ணாச்சிக்கு நானே போன் போட்டேன்.

அண்ணாச்சி வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"இன்ஜின் பிடிச்சுப்போச்சு, பாய். உடனே முறுக்கப்புடாது. பிளக்கக் கழத்தி மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊத்துங்க. ஊறட்டும். ஒரு வாரம் வண்டியத் தொடாதீங்க" என்றார்.

அந்த ஒரு வாரமும் என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். தொடவில்லை. பார்த்துவிட்டு வருவார். நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். பார்க்க வந்தவர் சில நேரம் அங்கேயே பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நான் பொத்தானுக்குக் காஜா எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இது கையாலதான் செய்யணுமா?" என்று ஒருநாள் கேட்டார். இத்தனை வருஷத்தில் என் தையலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நானும் அவர் கடையைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. கேட்டேன். சொன்னார். பிஸ்டன் ரிங்கை மஞ்சள் பேப்பரில் சுற்றி வருமாம். வெயில் காலத்தில் ரப்பர் சாமானெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்காகப் பவுடர் தூவி வைப்பாராம்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி வந்து முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி மெதுவாகக் கொடுத்துப் பார்த்தார். முதலில் ஒரு விரக்கடை நகர்ந்தது. பிறகு அரைச் சுற்று. பிறகு, வெற்றிலை மெல்லுகிற சத்தத்தோடு, முழுச் சுற்று சுற்றியது. என் வீட்டுக்காரர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அண்ணாச்சி ஹேண்டிலை அவர் கையில் கொடுத்து, "நீங்களும் ஒருவாட்டி சுத்துங்க" என்றார்.

அதிலிருந்து வேலை நிற்கவில்லை. இன்ஜின் தலையைக் கழற்றி வால்வு உரசியது அண்ணாச்சி. மற்றதெல்லாம் வீட்டிலேயே நடந்தது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி அதற்குள் பொடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு, நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது மாதிரி ஆட்டினோம். சிவப்புத் தண்ணீராகக் கொட்டியது. இப்படி நாலைந்து தடவை. வண்டியின் தரையில் துரு தின்ற இடத்தை வெல்டர் வந்து வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்தார். குற்றாலச் சாரல் வடகரை வரைக்கும் வீசும். அந்த ஈரத்தில் நின்ற வண்டிக்குத் தரை மிச்சமிருந்ததே பெரிசு என்றார்.

சீட்டு என் பங்கு. முன்சீட்டு நீளமான ஒரே சீட்டு. பழைய ரெக்ஸினைக் கிழித்தால் உள்ளே எலி குடியிருந்த தேங்காய் நார்த் தும்பு. ஸ்பிரிங்கை மட்டும் வைத்துக்கொண்டு, இலஞ்சியில் கயிறு திரிக்கிற ஒருவரிடம் நல்ல தும்பு வாங்கி அடைத்தேன். ரெக்ஸின் எந்த நிறம் என்பதில் ஒரு வாரம் பேச்சு. அவர் க்ரீம் என்றார். ஊர்ப் புழுதிக்கு க்ரீம் ஆகாது என்றேன். கரும்பச்சை வாங்கினோம். என் மிஷின் ஒரு மடிப்பைத் தாண்டியது, இரண்டு மடிப்பில் ஊசி முறிந்தது. தடித்த ஊசி போட்டேன். மூலைகளை மட்டும் கோணி ஊசியால் கையிலேயே தைத்தேன். கட்டைவிரல் வீங்கிப் போயிற்று. அவர் தைலம் தேய்த்துவிட்டார்.

கூரைத் துணிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்த்தான் செய்ய வேண்டும் என்றார் அண்ணாச்சி. பழைய துணியைக் கழற்றிப் பார்த்தேன். குறுக்கே வளைந்த கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் துணியில் ஒரு பட்டி. பாவாடையில் நாடா கோக்கிற பட்டிதான். வேறொன்றும் இல்லை. இதற்கா திருநெல்வேலி என்று இரண்டு நாளில் தைத்து, கம்பி கோத்து, அவர் உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு இழுத்துப் பிடிக்க, நான் ஓரத்தில் பசை தடவி ஒட்டினேன். ஒரே ஒரு இடத்தில் சுருக்கம் விழுந்தது. அது இப்போதும் இருக்கிறது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவர் மறுபடி பேச்சைக் குறைத்தார். போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் கேட்கவில்லை. சொல்லுகிற விஷயமானால் சொல்லட்டும் என்று இருந்தேன்.

பிரேக் வேலை வந்தது. நாலு சக்கரத்திலும் ரப்பர் மாற்றி, புது ஆயில் ஊற்றியாயிற்று. குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காதாம். அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். அவர் பின்பக்கம் இடது சக்கரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்திருந்தார். வெளியே சாரல் தகரத்தில் பொடிசாக விழுந்துகொண்டிருந்தது.

"மிதி, மிதி, மிதி. பிடிச்சுக்கோ" என்று கீழேயிருந்து குரல் வரும். பிடித்துக்கொள்வேன். அவர் திருகாணியைத் திறப்பார். பெடல் காலுக்குக் கீழே அப்படியே அமுங்கும். பாட்டிலுக்குள் குமிழி வருகிற சத்தம் கேட்கும். "விடு" என்பார். விடுவேன்.

அப்படி ஒரு பத்துத் தடவை ஆகியிருக்கும். "பிடிச்சுக்கோ" என்றவர் "விடு" என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "முதலாளி மகன் கூப்பிட்டுட்டே இருக்கான். புதுசா ஒரு கடை தெறக்கானாம். ஸ்டோரைப் பாத்துக்க ஆள் இல்லையாம். ரெண்டு வருஷம் மட்டும் வாங்கன்னு சொல்லுதான்" என்றார்.

நான் பெடலைப் பிடித்தபடியே இருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியாது.

"நீங்க என்ன சொன்னீய?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. விடு."

விட்டேன். மறுபடி மிதித்தேன்.

"போகணும்னு இருக்கா?" என்றேன்.

"அங்கன எனக்கு ஒரு வேலை இருக்கு. பத்துப் பேர் வந்து ஒண்ணு கேப்பாங்க. இங்கன நான் என்ன செய்யுதேன்? பிடிச்சுக்கோ."

"இங்கன உங்களை யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்." திருகாணி கிறீச்சிட்டது. "குடிக்கத் தண்ணி எடுக்க எந்திரிச்சா, நான் எந்திரிக்கதுக்குள்ள நீ கொண்டு வந்து குடுத்துருத. தட்டைக் கழுவப் போனா பிடுங்கிருத. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான் அப்படிச் செய்வாங்க. விடு."

நான் விடவில்லை. எனக்கு விட மறந்துபோயிற்று. லீவில் வருகிற ஆளை உட்காரவைத்துச் சோறு போட்டுத்தான் எனக்குப் பழக்கம். இரண்டு மாசத்தில் போகப்போகிறவரைத் தண்ணீர் எடுக்கவிடலாமா என்பது மாமியார் காலத்திலிருந்து வந்த பேச்சு. அதை நான் பிரியம் என்றுதான் நினைத்திருந்தேன். பிரியம்தான். இனிமேல் போகாத ஆளுக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

"விடுன்னு சொன்னேன்" என்றார்.

விட்டேன். "கட்டிலுக்கு அடியில உங்க பெரிய பெட்டி அப்படியே கெடக்கு. பாதித் துணி அதுக்குள்ளதான் இருக்கு. அதைப் பாக்கும்போதெல்லாம் நீங்க கெளம்பப்போறவரு மாதிரியே இருக்கு. பெறவு நான் எப்படி நடந்துக்கிடுவேன்?" என்றேன்.

"அலமாரியில எடம் எங்க இருக்கு? எல்லாம் உன் சேலைதானே."

"கேட்டா ஒதுக்கித் தரமாட்டேனா?"

"என் வீட்டுல எனக்கு எடம் கேக்கணுமாக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் பெடலை மிதித்தேன். பின்பக்கம் இரண்டு சக்கரமும் முடிந்து முன்பக்கம் வந்தார். வலது முன்சக்கரத்துக்கு வரும்போது அவர் தலை எனக்குக் கதவுப் பக்கத்தில் தெரிந்தது. நெற்றியில் கறுப்பாக ஆயில்.

"பெடல் எப்படி இருக்கு?" என்றார்.

"கல்லு மாதிரி நிக்கு."

"அப்ப காத்து போயிட்டு" என்று எழுந்து போய் கைகழுவினார்.

மறுநாள் அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் அலமாரியில் இரண்டு தட்டைக் காலி செய்தேன். பெட்டியை நான் பிரிக்கவில்லை. இடத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தட்டைக் கழுவியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அது லேசான காரியமாக இல்லை. பாதிச் சோப்பு போகவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நான் மிஷினில் இருக்கும்போது அவருக்கு போன் வந்தது. இந்தத் தடவை மாடிக்குப் போகவில்லை. ஷெட்டிலேயே நின்று பேசினார். முதலாளி மகன்தான் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் சொன்னது இதுதான்: "இல்ல தம்பி, இப்ப வர முடியாது. இங்கன கார் வேலை பாதியில கெடக்கு. இன்னும் வயரிங்கே முடியல."

நான் நிமிரவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஜாக்கெட்டின் கைத் தையல் கோணிப்போய் மறுபடி பிரிக்கும்படி ஆயிற்று. ராத்திரி மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கார் வேலை முடிஞ்ச பெறவு?" என்றாள். "பழைய காருடி அது. வேலை முடியவே முடியாது" என்றேன்.

வயரிங் முடிந்து முதல்முதலாக ஸ்டார்ட் செய்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளக் வயர்களை அவரே மாட்டியிருந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது. பிறகு சைலன்சரில் ஓலைவெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். வேப்பமரத்துக் காகமெல்லாம் பறந்தது. எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்.

"வயரை எப்படி மாட்டினீங்க, பாய்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வரிசையாத்தான்."

போனில் அண்ணாச்சி சிரிப்பது எனக்கே கேட்டது. "அது ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுல்லா" என்றார்.

மாற்றி மாட்டினார். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. முதலில் ஷெட் முழுக்கப் புகை. கொஞ்ச நேரத்தில் புகை அடங்கி, ஒரே சீராக ஓடியது. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றும் செய்யாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டுக்காரரும் நின்றார். பிறகு நான் எல்லோருக்கும் டீ போட்டேன். என் வீட்டுக்காரர்தான் டம்ளர் எடுத்து வந்தார்.

பெயிண்ட் அடித்தாயிற்று. புக்கில் பேர் மாற்றியாயிற்று. அடுத்தது எப்.சி. பழைய வண்டி ரோட்டில் ஓட வேண்டுமானால் ஆர்.டி.ஓ ஆபீஸ் மைதானத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விடியற்காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை போலக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பரைப் பார்த்தார். லைட், ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் வண்டி நின்றது. எனக்கு மனசுக்குள் பெருமையாக இருந்தது. கடைசியில் "வைப்பரைப் போடுங்க" என்றார். போட்டார். அது ஒருதடவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய், அங்கேயே நின்றுகொண்டது.

"சாரல் ஊர்ல இருக்கீங்க. வைப்பர் இல்லாம எப்படி? சரிபண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நியாயமான பேச்சுதான்.

திரும்பி வரும் வழியில், சொல்லிவைத்த மாதிரி, மேற்கே மலை மறைந்து சாரல் இறங்கியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டப் பார்த்தார். "நீங்க மெதுவா போங்க" என்று நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சீட்டுக்கு அடியில் கிடந்த ரெக்ஸின் துணுக்குகளைக் கட்டிவைத்திருந்த பழந்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். என் பக்கம் மட்டும்தான் எட்டியது. அவர் என் பக்கமாகச் சாய்ந்து, அந்தத் துடைத்த இடத்தின் வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நீளச் சீட்டு என்பதால் சாய முடிந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தோள்பட்டை வரைக்கும் நனைந்து, வீடு வந்து சேர்ந்தோம். எப்.சி. கிடைக்காத அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புதான் வருகிறது.

வைப்பர் மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினார். யாரையும் கேட்கவில்லை. அடுத்த தடவை கிடைத்துவிட்டது.

பிறகு எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். சுந்தரபாண்டியபுரம் ரோட்டில், இரண்டு பக்கமும் சூரியகாந்தி நிற்கிற காலம். படம் எடுக்க வருகிற கூட்டம் ஓரத்தில் நிற்கும். அவர்களைத் தாண்டும் வரைக்கும் அவர் கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கியர் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கிளட்ச் வரச் சில மாசம் ஆயிற்று. தையல் மிஷின் மிதித்த காலுக்கு மிதிப்பது புதுசில்லை, ஆனால் அதில் ஆற அமர விடத் தேவையில்லை.

போன சீசனில் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். குற்றாலத்துக்குக் கிளம்பினோம். "வாப்பா, இதுல ஏசி இல்லியா?" என்று மருமகன் காதில் விழும்படியே மகள் கேட்டாள். "ஜன்னலை எறக்கு" என்றார் அவள் வாப்பா. அன்றைக்கு நான் ஓட்டினேன். ஐந்தருவிக்கு ஏறுகிற ரோட்டில் பஸ்ஸும் வேனுமாக அடைத்துக்கொண்டு நின்றது. சரியாக ஏற்றத்தில் எனக்கு வண்டி அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டால் பின்னால் உருண்டது. பின்னால் ஒரு பஸ். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பிறகு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ஒரு கையை நீட்டி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து மறு கையால் போ என்று காட்டினார். கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி நகர்ந்தது. முன்னால் வழியும் கிடைத்தது. நின்றால் மறுபடி அணைந்துவிடுமோ என்று நான் நிற்கவே இல்லை. "உம்மா, வாப்பா பின்னாடி நிக்காங்க" என்று மகள் கத்தினாள். சமமான இடம் வரும் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன்.

அவர் சாரலில் நனைந்துகொண்டு, கையை வீசி, மெதுவாக ஏறி வந்தார். வழியில் யாரோ ஒரு கடைக்காரரிடம் நின்று ஏதோ பேசிவிட்டு வேறு வந்தார். இப்போது அவருக்கும் ஊரில் ஆள் தெரியும். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் ஓட்டுத" என்றார். "அடுத்தவாட்டி என்னையும் ஏத்திக்கிட்டுப் போ."

பின்சீட்டில் மகளும் மருமகனும் சிரித்தார்கள். நான் கியரைப் போட்டேன். அருவியில் கூட்டம் அதிகமாக இருந்தது. குளித்துவிட்டுச் செங்கோட்டைப் பக்கம் போய் வயிறு முட்டப் பரோட்டா தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.